ஷெல் ஸ்கிரிப்ட்டில் பல வரிக் கமெண்ட்: எந்த வழியை எடுப்பது?

பாஷ் (லினக்ஸ் சர்வர்களில் வழக்கமாக இருக்கும் ஷெல், அதாவது நாம் எழுதும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஸ்கிரிப்ட்டில் பத்து வரியை ஒரே வீச்சில் கமெண்ட்டாக்க, அதாவது ஓடாமல் மூடிவைக்க, என்ன வழி? ஜாவா, சி, ஜாவாஸ்கிரிப்ட் பழகிவிட்டு சர்வர் வேலைக்கு வருகிறவர்கள் முதல் வாரத்திலேயே கேட்டுவிடுகிற கேள்வி இது. அவர்கள் கை தானாகவே /* என்று திறந்து */ என்று மூடும். ஷெல்லில் அது கமெண்ட் ஆகாது. அங்கே நட்சத்திரக் குறிக்கு ‘எந்தப் பெயரானாலும்’ என்று பொருள். /* என்று வரியைத் தொடங்கினால், ரூட் டைரக்டரியில் உள்ள பெயர்களை எல்லாம் ஷெல் வரிசையாக விரித்து, முதலில் நிற்பதைக் கட்டளையாக ஓட்டப் பார்க்கும். அது பெரும்பாலும் ஒரு டைரக்டரியாக இருக்கும் என்பதால் பிழைச் செய்தி ஒன்றைக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். மூடிவைத்ததாக நீங்கள் நினைத்த வரிகள் எல்லாம் வழக்கம்போல ஓடும்.

ஷெல்லுக்குத் தெரிந்த கமெண்ட் ஒன்றுதான்: # குறி. அது தொடங்கிய இடத்திலிருந்து அந்த வரி முடியும் வரை கண்ணை மூடிக்கொள்ளும். பல வரிகளுக்கு என்று தனிக் குறி கிடையாது. ஆனாலும் இணையத்தில் தேடினால் நாலைந்து வழிகள் கிடைக்கின்றன, எல்லாமே ‘வேலை செய்கின்றன’. எதைக் குழுவின் வழக்கமாக வைத்துக்கொள்வது என்பதுதான் இங்கே முடிவு செய்ய வேண்டியது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், சிங்கப்பூரில் நாம் வேலை செய்யும் முறை அப்படி. சாங்கி பிசினஸ் பார்க்கோ, ஒன்-நார்த்தோ, தை செங் பக்கத்து டேட்டா சென்டரோ, ஒரு குழுவில் சீனர், மலாய்க்காரர், பிலிப்பினோ, மியன்மார்க்காரர், தமிழர் என்று ஐந்தாறு பேர் இருப்பார்கள். ஷிஃப்ட் மாறும். கான்ட்ராக்ட் முடியும். எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார், அல்லது வேலை பாஸ் முடிந்து ஊருக்கே போயிருப்பார். ஸ்கிரிப்ட் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். இரவு ஷிஃப்ட்டில் அதைத் திறந்து பார்க்கிறவருக்கு எழுதியவரைக் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. அவருக்கு இருப்பது கமெண்ட் ஒன்றுதான். அந்தக் கமெண்ட்டே கட்டளையாக மாறி ஸ்கிரிப்ட்டின் போக்கைக் கெடுக்குமானால், அதை அவர் கடைசியாகத்தான் சந்தேகப்படுவார்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிலைத்து நிற்க வேண்டிய விளக்கத்துக்கு வரிக்கு ஒரு #. வேண்டாத கோடுக்கு (ஓடுவதற்காக எழுதிய நிரல் வரிகளுக்கு) டெலீட். மற்ற வழிகள் உங்கள் சொந்த டெர்மினலில், உங்கள் கண் முன்னால், கொஞ்ச நேரத்துக்கு மட்டும்.

வரிக்கு ஒரு #

பல வரிக் கமெண்ட் எதற்கு வேண்டும் என்பதற்கு ஓர் உண்மையான உதாரணம். லினக்ஸ் காலத்தை 1970 ஜனவரி 1, யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவிலிருந்து நொடிகளாக எண்ணுகிறது. சிங்கப்பூர் நேரம் யுடிசியைவிட 8 மணி நேரம் முன்னால். ஆகவே பூஜ்ய நொடியைச் சிங்கப்பூர் நேரத்துக்கு மாற்றினால் காலை 8 மணி வர வேண்டும் என்று எவரும் நினைப்பார்கள். வருவது 7.30. பார்த்தவுடன் பிழை என்று தோன்றும், அரை மணியைக் கூட்டிவிட்டுப் போகத் தோன்றும். அப்படிச் செய்யக்கூடாது என்பதை அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும்:

```
# பூஜ்ய நொடிக்குச் சிங்கப்பூர் நேரம் காலை 7.30 என்றுதான் வரும். பிழை இல்லை.
# 1970இல் இங்கே நேரம் யுடிசி + 7.30.
# 1982 ஜனவரி 1 முதல்தான் யுடிசி + 8.
# அதற்கு முந்தைய தேதிகளுக்கு இந்தக் கணக்கில் அரை மணி கூட்டாதீர்கள்.
```

நாலு வரி. நாலு #. இதைப் படிக்கிறவருக்கு எந்தச் சந்தேகமும் வராது, ஷெல்லுக்கும் வராது.

‘ஒவ்வொரு வரிக்கும் அடிப்பது தொல்லை’ என்பதுதான் இந்த வழியின் மேல் சொல்லப்படும் முதல் குறை. எடிட்டர் இல்லாத காலத்தில் அது நியாயமாக இருந்திருக்கும். இன்று விஎஸ் கோடில் வரிகளைத் தேர்ந்தெடுத்துக் கண்ட்ரோலும் சாய்கோடும் அழுத்தினால் எல்லா வரிக்கும் # விழும், மறுபடி அழுத்தினால் எழும். சர்வரில் விம் மட்டும்தான் இருக்கிறது என்றால் கண்ட்ரோல் + வி அழுத்தி, கீழ்நோக்கி வரிகளைப் பிடித்து, பெரிய ஐ அடித்து, # போட்டு, எஸ்கேப். நியோவிம் 2024இல் வந்த 0.10 பதிப்பிலிருந்து இதற்கென்றே கட்டளையைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. நானோவில் ஆல்ட் + 3. விரல் பழகிவிட்டால், வேறு எந்த வழியையும்விட இதுதான் சீக்கிரம் முடிகிறது.

இரண்டாவது குறை, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்பது. கோட் ரிவ்யூவில் ஒரு தம்பி என்னிடம் இப்படித்தான் சொன்னார்: “அண்ணே, முப்பது வரிக்கும் ஹேஷ் போட்டா வேலி கட்டின மாதிரி இருக்கு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு போட்டா முடிஞ்சது இல்ல?” நான் அவரையே கிரெப் (கோப்புகளில் ஒரு சொல் வரும் வரிகளைத் தேடிக் காட்டும் கட்டளை) போட்டுப் பார்க்கச் சொன்னேன். ஒரு பழைய சர்வரின் பெயரை எல்லா ஸ்கிரிப்ட்டுகளிலும் தேடச் சொன்னேன். பன்னிரண்டு வரி வந்தது. அதில் எது ஓடுகிற வரி, எது மூடிவைத்த வரி? # உள்ள வரிகளைப் பார்த்த மாத்திரத்தில் ஒதுக்கிவிட்டார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூடியிருந்த ஸ்கிரிப்ட்டின் வரிகள் உயிருள்ள கோடு மாதிரியே நின்றன. ஒவ்வொரு கோப்பாகத் திறந்து மேலே போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

கோப்புகளின் மாற்ற வரலாற்றை வைத்திருக்கும் கிட் காட்டும் டிஃப்பிலும், அதாவது மாறிய வரிகளின் பட்டியலிலும், இதே கதை. மாறிய வரிக்கு மேலே மூன்று வரி, கீழே மூன்று வரிதான் வழக்கமாகக் காட்டும். இருபது வரிக்கு மேலே திறந்த கமெண்ட்டின் வாய் ரிவ்யூ செய்கிறவர் கண்ணில் படவே படாது. அவர் ஓடாத கோடுக்குக் கருத்துச் சொல்லிக்கொண்டிருப்பார். அதைவிட மோசமாக, ஓடுகிற கோடை ஓடாது என்று நினைத்து அனுமதித்துவிடுவார். # ஒவ்வொரு வரியிலும் இருப்பதன் பலம் இதுதான். வரி தனியாக எங்கே போய் நின்றாலும் தான் யார் என்பதைத் தானே சொல்லும்.

இதற்கும் எல்லை உண்டு. # ஒரு சொல்லின் தொடக்கத்தில் இருந்தால்தான் கமெண்ட். நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வெறும் எழுத்து. $# என்பது ஸ்கிரிப்ட்டுக்கு வந்த மதிப்புகளின் எண்ணிக்கை. பின்சாய்கோடு போட்டு நீட்டிய கட்டளையின் நடுவில் # வைத்தால் அந்த இடத்தோடு கட்டளை அறுந்துவிடும். ஆனால் குழாய்க் குறி | போட்டு அடுத்த வரிக்குப் போகும் இடத்தில் வைக்கலாம், பாஷ் அர்ரேயின் அடைப்புக்குள் வரிக்கு வரி வைக்கலாம். மற்ற வழிகளால் இந்த இரண்டு இடத்துக்கும் போகவே முடியாது.

ஹியர்-டாக் வழி

இணையத்தில் அதிகம் சிபாரிசு செய்யப்படுவது ஹியர்-டாக், அதாவது ஒரு முடிவுச் சொல்லைக் குறித்துவிட்டு, அது மறுபடி வரும் வரை உள்ள வரிகளை எல்லாம் ஒரு கட்டளைக்கு உள்ளீடாகக் கொடுப்பது:

```
: <<'முடிவு'
இங்கே எத்தனை வரி வேண்டுமானாலும் எழுதலாம்.
ஷெல் ஒன்றும் செய்யாது.
முடிவு
```

இதை அப்படியே ஒரு கோப்பில் போட்டு ஓட்டிப் பாருங்கள், ஓடும். முடிவைக் குறிக்கும் சொல் தமிழில் இருந்தாலும் பாஷுக்குக் கவலையில்லை. பார்க்கவும் அழகாக இருக்கிறது. ஆனால் இது கமெண்ட் கிடையாது. முக்காற்புள்ளி : என்பது ஷெல்லின் ஒரு கட்டளை. தன்னிடம் வந்ததை விரிப்பது (குறிகளுக்குப் பதிலாக அவற்றின் மதிப்பை வைப்பது), திசைமாற்றங்களைச் செய்வது (உள்ளீட்டையும் வெளியீட்டையும் வேறு இடத்துக்குத் திருப்புவது), இவை தவிர ஒன்றும் செய்யாமல் பூஜ்யத்தைத் திருப்பித் தருவது என்பதே பாஷ் கையேடு அதற்குத் தரும் விளக்கம். ‘விரிப்பது’, ‘திசைமாற்றுவது’ என்ற அந்த இரண்டு வேலைகளில்தான் ஆபத்து எல்லாம் ஒளிந்திருக்கிறது.

முதல் ஆபத்து மேற்கோள் குறி. மேலே 'முடிவு' என்ற சொல்லைச் சுற்றி ஒற்றை மேற்கோள் இருக்கிறதே, அதை விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் டாலர் குறிகளையும் பேக்டிக் (`) குறிகளையும் ஷெல் விரிக்கும். $( ) என்று ஒரு கட்டளை உள்ளே இருந்தால் அதை ஓட்டும். சந்தேகமிருந்தால் மேற்கோள் இல்லாமல் எழுதி, நடுவரியில் டச் கட்டளையை $( ) அடைப்புக்குள் வைத்து ஓட்டுங்கள். கமெண்ட்டுக்குள் இருந்த அந்த வரி நிஜமாகவே ஒரு காலிக் கோப்பை உருவாக்கியிருக்கும். டச் இருந்த இடத்தில் பழைய பேக்கப்பை அழிக்கும் கட்டளை இருந்தால்? ஆபத்தானது என்பதற்காகத்தானே அதைக் கமெண்ட்டாக்கியிருப்பார்கள். இரண்டே இரண்டு மேற்கோள் குறிகள் இல்லாத காரணத்தால் அது ஒவ்வொரு இரவும் ஓடும்.

இரண்டாவது, முடிவுச் சொல். அது வரியில் தனியாக, முதல் எழுத்திலிருந்தே தொடங்கி, பின்னால் ஒரு இடைவெளிகூட இல்லாமல் இருக்க வேண்டும். முன்னால் டேப் வைத்துக்கொள்ள <<- என்று எழுத வழியுண்டு; அதுவும் டேப்பை மட்டும்தான் பொறுக்கும், ஸ்பேஸைப் பொறுக்காது. யாரோ ஒருவர் எடிட்டரில் அந்த வரியின் முடிவில் தெரியாமல் ஒரு ஸ்பேஸ் தட்டிவிட்டார் என்று வையுங்கள். ஷெல்லுக்கு முடிவு கிடைக்கவில்லை. கோப்பின் கடைசி வரை எல்லாவற்றையும் கமெண்ட்டாக விழுங்கும். பாஷ் ஓர் எச்சரிக்கை வரியைப் பிழை வெளியீட்டில் எழுதும், ஆனால் வேலை வெற்றி என்ற பூஜ்யத்தோடு முடியும். குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் வழியாக இரவில் ஓடும் ஸ்கிரிப்ட்டின் பிழை வெளியீட்டை யார் படிக்கிறார்கள்? கண்காணிப்புத் திரையில் பச்சை விளக்கு எரியும். பேக்கப் நடந்திருக்காது. ஒரு ஃபங்ஷனுக்குள்ளேயோ இஃப் பகுதிக்குள்ளேயோ இது நடந்தால் மூடும் குறி காணவில்லை என்று ஷெல் சத்தம் போடும். வெளி மட்டத்தில் நடந்தால் சத்தமே இல்லை. நான் இந்த வழியை உற்பத்திச் சர்வர்களில் ஏற்காததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

தமிழில் முடிவுச் சொல் வைக்கிறவர்களுக்கு இன்னொன்று. ‘கொ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: ககரத்தோடு ‘ொ’ என்ற ஒரே குறி சேர்த்து, அல்லது ககரத்தோடு ‘ெ’ என்ற கொம்பும் ‘ா’ என்ற காலும் தனித்தனியாகச் சேர்த்து. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட்டுகளில் வேறு. ஷெல் ஒப்பிடுவது பைட்டுகளை. திறக்கும் சொல்லை ஒருவர் ஒரு விசைப்பலகையிலும் மூடும் சொல்லை மற்றவர் இன்னொன்றிலும் அடித்தால், திரையில் அச்சு அசலாக ஒரே மாதிரி தெரியும் இரண்டு சொற்கள் பொருந்தாமல் போகலாம். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். ‘முடிவு’ போன்ற சொல்லில் இந்தச் சிக்கல் இல்லை. ‘தொகுதி’ என்று வைத்தால் உண்டு.

மூன்றாவது ஆபத்து வட்டில் இடம். ஹியர்-டாக்கில் எழுதியதைப் பாஷ் 5.0 வரை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதித்தான் கட்டளைக்குக் கொடுத்தது. 2020 டிசம்பரில் வந்த 5.1இலிருந்து சின்ன உரையாக இருந்தால் பைப் வழியாகவே கொடுத்துவிடுகிறது. உபுண்டு 20.04இல் இருப்பது 5.0, ரெட் ஹாட் 8இல் இருப்பது 4.4, இந்த இரண்டும் இன்னும் நிறைய இடங்களில் ஓடுகின்றன. இப்போது, நிறைந்துபோன வட்டைச் சுத்தம் செய்யும் ஸ்கிரிப்ட் ஒன்றின் தலைப்பில் ஹியர்-டாக் கமெண்ட் இருக்கிறது, கூடவே பிழை வந்தால் நிறுத்து என்ற செட் -ஈ இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வட்டு முழுக்க நிறைந்த அன்று, தற்காலிகக் கோப்பை உருவாக்க முடியாமல் அந்தக் கமெண்ட்டே பிழையாகி, ஸ்கிரிப்ட் முதல் வரியிலேயே நின்றுவிடும். அது தேவைப்பட்ட ஒரே நாளில் ஓடாது.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்த வழிக்கு ஒரு நல்ல இடம் இருக்கிறது. நூறு வரி ஸ்கிரிப்ட்டில் நடுவில் நாற்பது வரியைத் தற்காலிகமாக ஒதுக்கிவிட்டு மீதி எப்படி ஓடுகிறது என்று பார்க்க வேண்டும், உங்கள் சொந்த மெஷினில். மேற்கோள் போட்ட ஹியர்-டாக் அதற்கு ஏற்றது. உள்ளே என்ன குறிகள் இருந்தாலும் அது அசைந்துகொடுக்காது. பார்த்து முடித்ததும் எடுத்துவிட்டுக் கிட்டில் ஏற்றுங்கள்.

முக்காற்புள்ளியும் ஒற்றை மேற்கோளும்

இன்னும் சுருக்கமான உறவுக்கார வழி ஒன்று: : போட்டு, ஓர் இடைவெளி விட்டு, ' என்று திறந்து, வேண்டிய வரிகளை எழுதி, ' என்று மூடுவது. தற்காலிகக் கோப்புத் தொல்லை இல்லை, முடிவுச் சொல்லின் இடைவெளித் தொல்லை இல்லை. ஆனால் உள்ளே ஒரே ஒரு ஒற்றை மேற்கோள் வந்தால் கதை முடிந்தது. தமிழில் எழுதினால் மேல்கொட்டு வராது என்று நினைக்க வேண்டாம். ‘தமிழ்நெட்'97’ என்று எழுதினாலே வந்துவிடும். (இந்த ஊரில் கணினித் தமிழ் பற்றிப் பேசுகிற எவரும் 1997இல் இங்கே நடந்த அந்த மாநாட்டைக் குறிப்பிடாமல் இருக்க மாட்டார்கள்.) ஆங்கிலத்தில் எழுதும் சக ஊழியர்களுக்கோ மூன்று வாக்கியத்துக்கு ஒரு மேல்கொட்டு நிச்சயம். அது விழுந்த இடத்தில் மேற்கோள் மூடிக்கொள்ளும். அந்த வரி முடிந்ததும் கட்டளையும் முடிந்துவிடும். உங்கள் விளக்கத்தின் அடுத்த வரியிலிருந்து ஒவ்வொன்றையும் ஷெல் கட்டளையாக ஓட்டப் பார்க்கும்.

இந்த வழிக்கும் ஹியர்-டாக்குக்கும் பொதுவான, இன்னும் நுட்பமான ஒரு கேடு இருக்கிறது. இதைப் பாருங்கள், கட்டளைப் பெயர்கள் உதாரணத்துக்காகத் தமிழில்:

```
நகல்_எடு
: 'நகல் தோற்றால் இரவு ஷிஃப்ட்டில் இருப்பவருக்குச் செய்தி போக வேண்டும்.
   காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.'
[ $? = 0 ] || செய்தி_அனுப்பு
```

$? என்பது கடைசியாக ஓடிய கட்டளை வென்றதா தோற்றதா என்பதைச் சொல்லும். கடைசியாக ஓடியது எது? நகல் எடுக்கும் கட்டளை இல்லை, முக்காற்புள்ளி. அது எப்போதும் பூஜ்யம்தான் தரும். நகல் தோற்றாலும் செய்தி போகாது. செய்தி கட்டாயம் போக வேண்டும் என்று விளக்க எழுதிய வரிகளே செய்தியைத் தடுத்துவிட்டன. அதே இடத்தில் இரண்டு # வரிகள் இருந்தால் $? அசையாமல் இருக்கும். படிப்பவர் எவரும் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க மாட்டார்கள், ஏனென்றால் கமெண்ட்டைப் பிழையாக யாரும் பார்ப்பதில்லை.

பிழை தேடும்போது செட் -எக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்களுக்கும் இது இடைஞ்சல். ஓடும் ஒவ்வொரு கட்டளையையும் ஷெல் அச்சிடும். மேற்கோளுக்குள் இருக்கும் முப்பது வரி விளக்கமும் கட்டளையின் பகுதி என்பதால் அத்தனையும் லாக்கில் கொட்டும். ஒரு லூப்புக்குள் இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் கொட்டும்.

மற்றவை

இஃப் ஃபால்ஸ் என்று திறந்து, எழுத்தைத் திருப்பிப் போட்ட ஃபி என்று மூடுவது இன்னொரு வழி. உள்ளே இருப்பது முறையான ஷெல் கோடாக இருக்க வேண்டும், ஷெல் அதை ஓட்டாவிட்டாலும் படித்துப் பார்க்கும். விளக்க உரைக்கு உதவாது. கோடை மட்டும் ஒதுக்க உதவும், உள்ளே இலக்கணப் பிழை இருந்தால் உடனே சொல்லிவிடும் என்பது அதன் நல்ல பக்கம்.

ஸ்கிரிப்ட்டின் கடைசியில் எக்ஸிட் போட்டு, அதற்குக் கீழே என்ன வேண்டுமானாலும் எழுதிவைப்பதும் உண்டு. பாஷ் கோப்பை முழுதாகப் படித்துவிட்டு ஓட்டுவதில்லை, படிக்கப் படிக்க ஓட்டுகிறது. எக்ஸிட்டைத் தாண்டி அது வருவதே இல்லை. தானே விரிந்துகொள்ளும் இன்ஸ்டாலர் கோப்புகள் இந்த இயல்பை வைத்துத்தான் தங்கள் வாலில் சுருக்கிய கோப்பைக் கட்டிக்கொண்டு வருகின்றன. நீண்ட மாற்ற வரலாறு எழுதிவைக்க இது பாதுகாப்பானதுதான். ஆனால் அதை யாரும் கீழே போய்ப் படிப்பதில்லை. மாற்ற வரலாற்றுக்குக் கிட் இருக்கிறது.

கிட் என்றதும் டெலீட் பற்றிச் சொல்ல வேண்டும். ‘பிறகு தேவைப்படலாம்’ என்று மூடிவைத்த கோடுதான் பெரும்பாலான பல வரிக் கமெண்ட்டுகளில் இருக்கிறது. கிட் 2005இலிருந்து இருக்கிறது. அழித்த வரி எதுவும் காணாமல் போவதில்லை. ஒரு சொல் எந்த மாற்றத்தில் வந்தது, எந்த மாற்றத்தில் போனது என்று தேடும் வசதியும் கிட் லாக்கில் இருக்கிறது. மூடிவைத்த கோடு மட்டும் கெட்டுப்போகிறது. அதைச் சுற்றியுள்ள பெயர்கள் மாறும், சர்வர் மாறும், பாஸ்வேர்டு வைக்கும் இடம் மாறும். அது மட்டும் பழையபடியே கிடக்கும். இரண்டு வருஷம் கழித்து அவசரத்தில் ஒருவர் அதைத் திறந்துவிட்டால் அது ஓடாது, அல்லது ஓடக்கூடாத இடத்தில் ஓடும். எதற்காக எடுத்தீர்கள் என்பதை கமிட் செய்தியில் எழுதுங்கள். மிகவும் அவசியம் என்றால் அந்த இடத்தில் ஒரே ஒரு # வரி: என்ன இருந்தது, ஏன் எடுத்தோம்.

பைதானிலும் எழுதுகிற குழுவுக்கு

ஷெல்லில் எழுதும் குழு அநேகமாகப் பைதானிலும் எழுதும், அங்கேயும் இதே கேள்விதான். பைதானுக்கும் பல வரிக் கமெண்ட் கிடையாது. மூன்று மேற்கோள் """ போட்டு எழுதுவது ஒரு ஸ்ட்ரிங், எதற்கும் ஒப்படைக்காமல் நிற்கும் ஸ்ட்ரிங் என்பதால் பைதான் அதைக் கண்டுகொள்ளாது. அப்படிப் பயன்படுத்தலாம் என்று பைதானை உருவாக்கிய கீடோ வான் ராசமே 2011இல் ஒரு குறிப்பில் சொல்லியிருக்கிறார். அதனால் இங்கே நான் ஷெல் அளவுக்குக் கடுமையாக இல்லை. முக்காற்புள்ளி போல அது ஓடும் கட்டளையும் இல்லை.

ஆனாலும் ஸ்ட்ரிங் ஸ்ட்ரிங்தான். விண்டோஸ் பாதை ஒன்றை அதற்குள் ஒட்டினால், பயனர் கோப்புறையின் பெயருக்கு முன்னால் வரும் பின்சாய்கோடும் பெரிய யூ எழுத்தும் சேர்ந்து யூனிகோட் குறியீட்டின் தொடக்கமாகிவிடும். கோப்பே ஓடாது, இலக்கணப் பிழை என்று நிற்கும். ஒரு லிஸ்ட்டின் நடுவில் மூன்று மேற்கோள் ‘கமெண்ட்’ வைத்தால் அது லிஸ்ட்டின் உறுப்பாகிவிடும்; பக்கத்தில் காற்புள்ளி இல்லாமல் இன்னொரு ஸ்ட்ரிங் இருந்தால் அதோடு ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே மூன்று மேற்கோள் உள்ள கோடை அதே வகை மூன்று மேற்கோளால் மூட முடியாது. ஃபங்ஷனின் முதல் வரியாக வந்தால் அது அந்த ஃபங்ஷனின் டாக்ஸ்ட்ரிங் ஆகி, உதவி கேட்பவருக்கெல்லாம் காட்டப்படும். அந்த ஓர் இடத்துக்கு அதை ஒதுக்கிவையுங்கள், மற்ற இடமெல்லாம் #. பைதானின் நடை வழிகாட்டியான பெப் 8 சொல்வதும் வரிக்கு ஒரு #, பிறகு ஓர் இடைவெளி என்பதுதான்.

பவர்ஷெல்லில் எழுதுகிறவர்களுக்கு இந்த அவஸ்தை இல்லை. 2009இல் வந்த 2.0 பதிப்பிலிருந்து <# என்று திறந்து #> என்று மூடும் உண்மையான பல வரிக் கமெண்ட் இருக்கிறது. லுவாவில் --[[ உண்டு, நடுவில் சமக் குறிகள் சேர்த்து ஒன்றுக்குள் ஒன்றாக வைக்கவும் முடியும். மொழியே கொடுத்திருக்கும் கருவி அது, தயங்காமல் பயன்படுத்தலாம். கிரெப்பிலும் டிஃப்பிலும் வரும் சிக்கல் மட்டும் அங்கேயும் உண்டு என்பதால் ஐந்தாறு வரிக்கு மேல் போனால் நான் அங்கேயும் வரிக்கு வரி குறி போடுகிறேன்.

தமிழில் கமெண்ட் எழுதலாமா?

எழுதலாம். சொந்தத் திட்டத்திலும், தமிழ் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும்போதும் எழுத வேண்டும் என்றே சொல்வேன். ஏன் என்பதைத் தாய்மொழியில் எழுதுகிற பையன் அதைத் தெளிவாக எழுதுகிறான். பல மொழிக்காரர் சேர்ந்த குழுவில் எல்லோருக்கும் தெரிந்த ஆங்கிலம்தான் நியாயம், இரவு ஷிஃப்ட்டில் இருப்பவர் யார் என்று நமக்குத் தெரியாது. # க்குப் பின்னால் வரும் பைட்டுகளைப் பற்றி ஷெல்லுக்கு அக்கறை இல்லை. பைதான் 3இல், தமிழ் எழுத்தையும் தாங்கும் குறியீட்டு முறையான யூடிஎஃப்-8 இயல்பாகவே உண்டு. பழைய பைதான் 2இல் கோப்பின் தலைப்பில் குறியீட்டைச் சொல்லாவிட்டால் கமெண்ட்டுக்குள் இருக்கும் தமிழ் எழுத்தே பிழையாகும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். விண்டோஸில் தட்டி சர்வருக்கு அனுப்பும்போது சில எடிட்டர்கள் கோப்பின் முன்னால் பிஓஎம் என்ற மூன்று பைட்டுகளைச் சேர்த்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. முதல் வரியின் #! (ஸ்கிரிப்ட்டை எது ஓட்ட வேண்டும் என்று சொல்லும் குறி) அப்போது முதல் எழுத்தாக இருக்காது, # சொல்லின் தொடக்கமாகவும் இருக்காது. தமிழில் கமெண்ட் எழுதியதால்தான் ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று பழி வரும். பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துச் சேமித்தால் போதும்.

இருக்கிற ஸ்கிரிப்ட்டுகளை மாற்ற

இன்று உங்கள் சர்வர்களில் உள்ள ஸ்கிரிப்ட்டுகளில் : << என்பதையும், வரித் தொடக்கத்தில் : ' என்பதையும் கிரெப் போட்டுத் தேடுங்கள். வந்த பட்டியலில் முடிவுச் சொல்லுக்கு மேற்கோள் இல்லாதவற்றை முதலில் எடுங்கள்; அவற்றுக்குள் டாலரோ பேக்டிக்கோ இருந்தால் அன்றைக்கே. அடுத்தது கிரானில் ஓடுபவை. அதற்கு அடுத்தது, கமெண்ட்டுக்குக் கீழே $? இருப்பவை, இவற்றில் மாற்றம் ஸ்கிரிப்ட்டின் நடத்தையையே மாற்றும், இதுவரை மறைந்திருந்த தோல்விகள் வெளியே வரத் தொடங்கும் என்பதை ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே இருப்பது பழைய கோடு என்றால் அழியுங்கள், விளக்கம் என்றால் # ஆக மாற்றுங்கள். ஒவ்வொரு கோப்பையும் மாற்றிய பிறகு பாஷை -என் விருப்பத்தோடு ஒரு முறை கூப்பிட்டால், ஸ்கிரிப்ட்டை ஓட்டாமலே இலக்கணத்தை மட்டும் சரிபார்த்துச் சொல்லும். ஹியர்-டாக்குக்கு முடிவு கிடைக்கவில்லை என்ற எச்சரிக்கையும் அங்கே திரையிலேயே வந்துவிடும்.